மார்கழிக்குள் முடிக்க வேண்டிய வேலை

உசிலம்பட்டியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டபோது கார்த்திகை முகூர்த்தமெல்லாம் முடிந்திருந்தது.

"தம்பி, பெட்டி படுத்துருச்சுப்பா. மொய் எழுதிக்கிட்டு இருக்கும்போதே நின்னுபோச்சு. முப்பது பேரு வரிசைல நிக்கிறாங்க. பொறவு நோட்டு வாங்கிக் கையாலதான் எழுதி முடிச்சேன்."

"ஏதாச்சும் சத்தம் வந்துச்சா சித்தப்பா?"

"டிக்கு டிக்குன்னு கேட்டுச்சு. கடையில காட்டுனேன். ஃபார்மெட் அடிச்சுப் புது விண்டோஸ் போட்டா சரியாயிரும்ங்கிறாய்ங்க. குடுத்துரவா?"

"குடுக்காதீங்க. ஆன் பண்ணிப் பாக்கவும் வேணாம். துணியில சுத்தி பீரோவுல வச்சிருங்க. ஞாயித்துக்கிழமை வாரேன்."

சித்தப்பா மொய் எழுதுகிறவர். மதுரைக்கு மேற்கே செக்கானூரணி தாண்டிவிட்டால் கல்யாணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா எதுவானாலும் பந்தலுக்கு ஒரு பக்கம் மேசை போட்டு, லேப்டாப்பும் சின்ன பில் பிரிண்டருமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை சொன்னால் தட்டச்சு செய்து ரசீது கிழித்துக் கொடுப்பார். ராத்திரி விருந்து முடிந்ததும் ஊர் வாரியாக வரிசைப்படுத்தி, நோட்டு வாரியாகப் பணத்தை எண்ணிச் சரிபார்த்து, பட்டியலை அச்செடுத்து விழா வீட்டார் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பத்தாம் வகுப்பு முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் எழுதித் தேறியவர். அந்த விரல்கள்தான் இன்று வரை அவருக்குச் சோறு போடுகின்றன.

செய்முறை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நமக்கு ஒருவர் 1,001 எழுதியிருந்தால் அவர் வீட்டு விசேஷத்தில் அதைவிடக் குறையாமல் எழுத வேண்டும். எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் அந்தக் கணக்கு நிற்கும். மொய் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது, வீடு மாறும்போது தொலைந்தது என்று வருகிறவர்கள் கடைசியில் சித்தப்பா வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். அவர் எழுதிய ஒவ்வொரு விழாவின் பிரதியையும் அந்த லேப்டாப்பில் வைத்திருந்தார். 2013-லிருந்து எண்ணினால் 473 கோப்புகள்.

அந்த லேப்டாப் வாங்கியதல்ல. என் தங்கை 2012-ல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுக்க, அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்குப் போன கணினிகளில் அதுவும் ஒன்று. தங்கை கல்லூரி முடித்து, கல்யாணமாகி, கோயம்புத்தூர் போய்விட்டாள். பெட்டி சித்தப்பாவிடம் நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்துக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அது என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை தேனி ரயிலில் ஏறினேன். மீட்டர்கேஜ் காலத்துப் பாதையை அகலப்படுத்தி 2022 மே மாதம் மறுபடி ரயில் விட்டதிலிருந்து உசிலம்பட்டிக்கு நான் பஸ்ஸில் போவதில்லை. நாகமலை வலப்பக்கமோ இடப்பக்கமோ கூடவே வந்துகொண்டிருக்கும். பையில் ஒரு பென்டிரைவ், 1 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க், சின்ன ஸ்குரூ டிரைவர் செட்.

ஃபார்மெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும், நின்றாலும், வைரஸ் வந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக அதைத்தான் சொல்கிறார்கள். கடைப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "உள்ள முக்கியமா எதுவும் இருக்கா?" என்று அவர்கள் கேட்பார்கள். கொண்டுபோகிறவரும் அவசரத்தில் "போட்டோ கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான்" என்பார். டி டிரைவில் இருப்பது பத்திரமாக இருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். ஆனால் டிக் டிக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்கில் சி, டி என்ற பிரிவெல்லாம் வெறும் கோடு. சுழலும் தட்டும் படிக்கும் முள்ளும் ஒன்றே. முள் தடுமாறத் தொடங்கிவிட்டால் அதன் மேல் புதிதாக எதையும் எழுதக் கூடாது. ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் மிச்சமிருக்கும் ஆயுளில் கொஞ்சத்தைக் கழிக்கும். அதனால்தான் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன்.

ஆகவே முதல் வேலை, பெட்டியில் இருக்கும் விண்டோஸை எழுப்பாமலேயே உள்ளே இருப்பதை எடுப்பது. லினக்ஸை பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது வென்டாய் மாதிரி ஒன்றால் பென்டிரைவில் ஏற்றி, கணினி எழும்போதே பூட் மெனுவுக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஹார்ட் டிஸ்க்கில் ஓர் எழுத்தும் மாறாது. அங்கிருந்து டிடிரெஸ்க்யூ என்ற கட்டளையை ஓட்டினேன். சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போட்டால், கெட்ட இடம் வந்ததும் அதிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படியில்லை. கதிர் அறுக்கிறவர்கள் நின்ற பயிரை முதலில் அறுத்துக் கட்டிவிட்டுச் சாய்ந்து நனைந்ததற்குக் கடைசியில் வருவார்களே, அதுபோல நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும். எங்கே விட்டது என்று ஒரு குறிப்பும் வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

320 ஜிபி. ராத்திரி முழுக்க ஓடியது. சித்தி இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தாள். விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு தொடங்கியபோது முக்கால் பங்கு முடிந்திருந்தது. மறுநாள் மதியம் கணக்குப் பார்த்தால், படிக்கவே முடியாமல் போனது சில எம்பிதான். அந்தச் சில எம்பிக்குள் இரண்டு விழாக்கள் மாட்டிக்கொண்டிருந்தன. 471 கோப்புகள் முழுசாக வந்துவிட்டன.

"ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியும். அவங்க வீட்டுக்கு ஏற்கெனவே பென்டிரைவுல போட்டுக் குடுத்துட்டேன். இன்னொண்ணு 2015 வைகாசி. கேட்டுப் பாக்கணும்" என்றார் சித்தப்பா.

அடுத்து எந்த இயங்குதளம் போடுவது என்ற பேச்சு. "இத்தனை நாளு ஓடுன விண்டோஸ் ஏழையே திரும்பப் போட்டா என்னடா? கை பழகுனதுதானே" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. மொய் எழுதும் கணினியில் போகிற வீட்டு பென்டிரைவ் எல்லாம் ஏறி இறங்கும். அந்த நிலையில் இத்தனை ஆண்டுகள் தப்பியதே பெரிது. விண்டோஸ் 10 போடலாமென்றால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ல் காலம் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு அதன் பின் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவதாக அறிவித்தார்கள், அவ்வளவே. விண்டோஸ் 11 இந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளாது. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, புதிய தலைமுறை பிராசஸர் கேட்கிறது. 2012-ல் வந்த பெட்டிக்கு இரண்டும் கிடையாது. நிபந்தனைகளை ஏமாற்றி ஏற்றும் வழிகள் இருக்கின்றன. ஒருவருடைய பிழைப்பு ஓடுகிற கணினியில் அப்படிச் செய்ய எனக்குத் துணிச்சல் வராது. அடுத்த அப்டேட்டில் பந்தலுக்கு நடுவில் நின்றுபோனால் யார் பதில் சொல்வது?

லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று முடிவு செய்தேன். எடை குறைவு, விண்டோஸ் 7 பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது, 2029 வரை திருத்தங்கள் வரும்.

இதே திருப்பத்தில் தமிழ்நாடு ஒருமுறை நின்றிருக்கிறது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று மாநில அரசு அறிவுறுத்தியது. பாஸ் என்பது சென்னையில் இருக்கும் சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம். இந்திய மொழிகளுக்கென்றே ஆனது. தங்கைக்குக் கொடுத்த இந்த லேப்டாப்பிலும் விண்டோஸோடு அதுவும் சேர்ந்தே வந்தது. முதல் தடவை ஃபார்மெட் அடித்த கடையில் "எதுக்கு ரெண்டு?" என்று அதை அழித்துவிட்டார்கள். அன்றைக்கு அதைத் திறந்து காட்ட எங்கள் வீட்டில் யாருமில்லை. கொடுத்ததோடு, அதில் இருக்கும் இரண்டாவது கதவு எதற்கு என்று சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கு ஓர் ஆள் வந்திருந்தால் எத்தனை வீடுகளில் அது பிழைத்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி பீரோவுக்குள் வைத்தாயிற்று. மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய எஸ்எஸ்டியை அந்த இடத்தில் பொருத்தி, 4 ஜிபி ராம் ஒன்றைக் கூடுதலாகச் செருகினேன். லினக்ஸ் ஏற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதில் சொல்ல ஒன்றுமில்லை, கேட்கிற இடத்தில் இந்திய நேரத்தையும் பெயரையும் கொடுத்தால் அதுவே போய்க்கொண்டிருக்கும்.

சித்தப்பா ஒரு கோப்பைத் திறந்தார். ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஆங்கில எழுத்துகளும் சதவீதக் குறியும் மேற்கோள் குறியும் கலந்து கிடந்தன. ஆள் பெயர் இருந்த கட்டமும் அப்படியே. தொகை மட்டும் சரியாக இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாம் போச்சா தம்பி?"

"ஒண்ணும் போகல சித்தப்பா. கண்ணாடி போடாமப் பாக்குறோம். அவ்வளவுதான்."

பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்த எழுத்துருக் கோப்பை இதில் வைத்ததும் கருமாத்தூரும் எழுமலையும் வாலாந்தூரும் திரும்பி வந்தன. சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுதியே பயனில்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்களைத்தான் அது சேமிக்கும். அந்த எண்ணுக்கு ஆங்கிலப் படத்துக்குப் பதில் தமிழ்ப் படத்தை எழுத்துரு காட்டும். எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. பாமினி ஒரு விதம், வானவில் ஒரு விதம், ஸ்ரீலிபி ஒரு விதம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் உலகெங்குமிருந்த தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி கொண்டுவந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே 128 இடங்கள் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் அதைக் காட்டத் தெரிந்த முதல் விண்டோஸ், 2000-ஆம் ஆண்டுப் பதிப்புதான். லதா என்ற எழுத்துரு அதோடுதான் வந்தது. எக்ஸ்பியில்கூட அமைப்புகளுக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் அடித்து, சிடியைப் போட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்து ஆணையிட்டது 2010 ஜூன் 23-ல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி.

சித்தப்பா அதற்கு முன்பே தொழிலுக்கு வந்துவிட்டவர். தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் மனு அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தார். அலுவலகங்களில் அன்று வானவில்-அவ்வையார்தான் புழக்கம். அதையே பிடித்துக்கொண்டார். ஆணை வந்து 15 ஆண்டுகளாகியும் அவர் கோப்புகளுக்கு அது வந்து சேரவில்லை. இதில் அவர் தவறு எதுவுமில்லை. அவர் மாதிரி பத்திரம் எழுதுகிறவர்கள், பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர்கள், சிவகாசி அச்சகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது, அதற்கு யூனிகோடே தெரியாது. அதில் வேலை செய்கிறவர் யூனிகோடுக்கு எப்படி வருவார்?

பழைய எழுத்துருவைப் போட்டதும் படிக்க முடிகிறதே, அப்படியே விட்டுவிடலாமே என்று சித்தப்பாவே கேட்டார். "ஒரு பேரத் தேடிப் பாருங்க" என்றேன். 471 கோப்புகளில் எதில் இருக்கிறது என்று அவர் ஞாபகத்தை வைத்துத்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறார். போனில் பட்டியலை அனுப்பினால் எதிரில் குப்பையாகத் தெரியும் என்பதால் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த எழுத்துருவும் அவர் ஞாபகமும் இருக்கும் வரைக்கும்தான் அந்தக் கணக்கு உயிரோடு இருக்கும். அதை அவருக்கு முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே சொன்னார்: "சரி, மாத்திரு. எனக்கப்பறம் யாராச்சும் படிக்கணும்ல."

மாற்றும் வேலை ஒரு வாரம் பிடித்தது. அருளாளன் எழுதிய நிரல்கள் பலவகைப் பழைய குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும். முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் அவை இருக்கின்றன, இலவசம். எழுத்துக்கு எழுத்து மாற்றுவது என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் டைப்ரைட்டர் பழக்கத்தில் "மோ" அடிக்கிறவர் முதலில் இரட்டைக் கொம்பை அடிப்பார், பிறகு ம, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோடில் முதலில் ம, அதன் பின்னால் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. நாம் சொல்லும் வரிசை அது. ஆகவே மாற்றுகிற நிரல் கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைத்து, காலோடு சேர்த்து ஒன்றாக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் ஆங்கில இனிஷியல்களும் வங்கிப் பெயர்களும் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறிவிட்டன. சித்தப்பா அவற்றை ஏரியல் எழுத்துருவில் அடித்திருந்தார். கணினிக்கு இரண்டும் ஒரே எண்கள்தானே. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எழுத்துரு இருக்கிறது என்று பார்த்து, தமிழ் எழுத்துரு இருந்தால் மட்டும் மாற்றும்படி எழுதினேன். அசல் கோப்புகளைத் தொடவில்லை. இதைச் செய்ய நினைக்கிறவர்கள் எல்லோரும் பிரதியின் மேல்தான் வேலை செய்ய வேண்டும்.

நேரத்தை அதிகம் தின்றது ஔகாரம். ஒரு பெண்ணின் பெயரைத் தேடினோம், கௌரி. இல்லை என்றது. "இருக்குடா, நான்தான் அடிச்சேன், எழுமலைக்காரம்மா" என்றார் சித்தப்பா. கண்ணால் பார்த்தால் இருக்கிறது. பிறகுதான் புரிந்தது. டைப்ரைட்டரில் ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. கொம்பு, க, அப்புறம் ள என்று அடிப்பார்கள். நிரல் அதைக் "கெளரி" என்று மாற்றியிருந்தது, கெ-வும் ள-வும். பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோலத் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். சரி, கெள என்று வரும் இடமெல்லாம் கௌ ஆக்கிவிடலாம் என்றால் கெளுத்தி மீன் கௌுத்தியாகி நாசமாகும். பெயர்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து, கௌரி, கௌசல்யா, சௌந்தரம், மௌனகுரு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். இணையத்தில் நம் ஆட்கள் ஏற்றியிருக்கும் பழைய பனுவல்களிலும் இதே கோளாறு இருக்கிறது. தேடினால் கிடைக்காத எத்தனையோ கௌரிகள் அங்கே கண் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லாம் ஒரே பட்டியலாகச் சேர்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள். நாங்கள் இருவரும் சும்மா மேலும் கீழும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2013-ல் 101-ம் 201-ம் நிறைய. போகப் போக 500, 1,000. 2016 நவம்பரில் ஒரு காதணி விழா. நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு வந்த விழா. தொகைக்குப் பக்கத்தில் "பழைய நோட்டு" என்று சித்தப்பா குறித்து வைத்திருக்கிறார். 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஒரு கோப்புகூட இல்லை. கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் "ஜிபே" என்ற குறிப்பு வந்து, கூடிக்கொண்டே போகிறது. ஒச்சு என்ற பெயர் எத்தனை ஊரில் எத்தனை பேருக்கு! அவர்களைப் பிரித்தறிய வீட்டுப் பெயரும் தெருவும் தகப்பன் பெயரும் சேர்த்து எழுதியிருக்கிறார். எந்த அரசு ஆவணத்திலும் இப்படி ஒரு வரலாறு கிடையாது. இதைத்தான் "உள்ளே முக்கியமாக ஒன்றுமில்லை" என்று அழித்திருப்பார்கள்.

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி கணினி தருவதாக அரசு அறிவித்தது. புதுசு வரும் வீடுகளில் பழசு இரும்புக் கடைக்குப் போகும். போவதற்கு முன்னால் ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டுத் திறந்து பாருங்கள். டிக் டிக் சத்தம் வந்தால் ஆன் செய்வதை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். உள்ளே பாட்டியின் குரல் இருக்கலாம், தோட்டத்துக் கணக்கு இருக்கலாம். எடுத்த பிறகு ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்தினால் அந்தப் பெட்டியே தம்பி தங்கைக்கு இன்னும் ஐந்தாண்டு உழைக்கும். மதுரைப் பக்கம் யாருக்காவது இதில் கை தேவைப்பட்டால் நான் இருக்கிறேன், எழுதுங்கள்.

சித்தப்பாவின் விரல்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். தமிழ்99 கற்றுக்கொள்ளச் சொல்லி 60 வயதுக்காரரை உட்கார வைக்க முடியாது. நல்லவேளையாக, லினக்ஸில் தட்டச்சுக்கு உதவும் ஐபஸில் எம்17என் என்ற தொகுப்பைப் போட்டால் தமிழ் டைப்ரைட்டர் விசையமைப்பும் அதில் இருக்கிறது. இடது கை நான்கு விரலை வைத்தார். ய, ள, ன, க. திரையில் அதே எழுத்துகள். கொம்பை முதலில் அடித்தார், அது காத்திருந்து எழுத்து வந்ததும் சரியான இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் பேசாமல் ஒரு பக்கம் முழுக்க அடித்தார். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பழைய சத்தம் வருதே" என்றாள்.

பில் பிரிண்டர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது, ரசீதைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் அடிக்கும். அதையும் செய்து கொடுத்தேன்.

மிச்சமிருந்தது 2015 வைகாசி. விழா நடந்த வீட்டில் பட்டியலைக் காணோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். மார்கழி இருபதாம் தேதி வாக்கில் அந்த வீட்டு அம்மாள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே நீள நோட்டு. அன்றைக்குக் கரண்ட் போய்விட்டதாம், முதல் இரண்டு மணி நேரம் நோட்டில் எழுதிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். மீதியை அவர் மகன் அச்சுப் பட்டியலைப் பார்த்துப் பின்னாளில் அதே நோட்டில் எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறான். ஓரமெல்லாம் குங்குமம், நடுவில் எண்ணெய்க் கறை.

அந்தம்மாள் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்க, சித்தப்பா அடித்தார். 312 பெயர். நான் பக்கத்தில் இருந்து சரிபார்த்தேன். இடையில் ஒரு பெயர் வந்ததும் அந்தம்மாள் நிறுத்தினார். "இவரு போன ஐப்பசில தவறிட்டாரு" என்றார். சித்தப்பா தலையாட்டிவிட்டுத் தொகையை அடித்தார்.

முடித்துக் கூட்டிப் பார்த்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த தொகைக்கு 500 குறைந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். பதினேழாம் பக்கத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சித்தப்பா நகத்தால் மெதுவாகப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு வரி, தொட்டப்பநாயக்கனூர், அதற்கு நேரே 500. அதையும் அடித்தார். கூட்டல் ஒத்துப்போனது.